ஆகவே

பள்ளத்தூரில் ஒரு பலகாரக் கொட்டகை எரிந்துபோனது.
காப்பீட்டு நிறுவனம் என்னை அனுப்பியது,
டார்ச்சும் டேப்பும் பதினாறு பக்கப் படிவமும் கொடுத்து.

டீக்கடையிலேயே தீர்ப்பு ஆறிக்கொண்டிருந்தது.
"உமையாளுக்குக் கடன் கழுத்துவரை.
கொளுத்துறவன் எல்லாம் கடன்காரன்தானே?
ஆகவே…"
என்று நிறுத்தி, தம்ளரை வைத்தார் முத்துராக்கு.

அந்த 'ஆகவே'யைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.
ஒரு முனை தரையில் நின்றது.
மறுமுனை காற்றில்.
கொளுத்துகிறவர்களுக்கெல்லாம் கடன் இருக்கட்டும்;
கடன்பட்டவர்களெல்லாம் கொளுத்துவார்கள் என்றா ஆகும்?
வட்டிக்கணக்கு எழுதியே வளர்ந்த சீமை ஐயா இது.
அப்படியானால் இந்தத் தெருக்களில்
ஓர் ஓடு மிஞ்சியிருக்காது.

"பாலிசியைப் புதுப்பிச்ச ஒன்பதாம் நாள்!"
என்றது பெஞ்சின் இன்னொரு கோடி.
எட்டாம் நாள் அமாவாசை.
ஏழாம் நாள் உங்கள் பேரனுக்கு மொட்டை.
பின்னால் வந்ததெல்லாம் பெற்ற பிள்ளையா?

"கட்டினவனையே வேண்டாம்னு வந்தவ."
இது வாதத்தில் ஒரு படி இல்லை.
எறிவதற்கு எடுத்த கல்.

"நெருப்பில்லாமப் புகையுமா?"
நெருப்பில் யாருக்கும் தகராறு இல்லையே, அண்ணே.
ஓடு வெடித்திருக்கிறது, உத்திரம் கரி.
யார் என்பதில்தான்.

கொட்டகைக்குப் போனேன். முற்றம் முழுக்க ஈரம்.
"ராத்திரி மழையா?" என்று கேட்கப்போய்
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
மழை பெய்தால் முற்றம் நனையும், சரி.
தீயணைப்பு வண்டி வந்தாலும் நனையும்.

கேஸ் ரெகுலேட்டர் மூடியிருந்தது.
"பாத்தீங்களா, முன்னாடியே தெரிஞ்சு மூடியிருக்கா"
என்றான் மாவுமில் வயிரவன்.
திறந்திருந்தால்?
"வேணும்னே திறந்துவிட்டுட்டா" என்றிருப்பான்.
எப்படி விழுந்தாலும் தலையே காட்டும் காசு;
அதைச் சுண்டிப் பார்த்து என்ன ஆகப்போகிறது.

உமையாள் அழவில்லை.
கருகிய டின்களை எண்ணிக்கொண்டிருந்தார்,
துபாய்க்கு நாற்பது, சிங்கப்பூருக்கு அறுபத்திரண்டு.
தப்பித்த ஒன்றைத் திறந்து தேன்குழல் நீட்டினார்.
என் படிவத்தில் எழுத இடமில்லாத பதம்.
உடனே மனம் எழுதிவிட்டது:
இவர் செய்திருக்கமாட்டார்.
இதுவும் ஓர் ஆகவேதான், டீக்கடையில் பிறக்காதது, அவ்வளவே.
தேன்குழல் நொறுங்குவது நேர்மைக்குச் சாட்சியாகாது,
அழாத கண் குற்றத்துக்கு ஆகாததுபோல.

சுவிட்ச் பலகையில் உருகிய செம்பு, மிளகளவு மணி.
மின்கசிவால் தீ பிடித்தால் இப்படி உருகும்.
தீ பிடித்தபின் கம்பி கருகினாலும் இப்படியே.
லென்ஸை வைத்து அரைமணி நேரம் குனிந்திருந்தேன்.
நீ தீயின் தாயா, பிள்ளையா?
செம்பு சொல்லவில்லை.

'காரணம்' என்ற கட்டத்தில் எழுதினேன்:
அறியமுடியவில்லை.
மேலாளர் போனில் கேட்டார்,
"அப்ப அந்தம்மா செய்யலைங்கறீங்களா?"
அப்படிச் சொல்லல சார்.
"செஞ்சாங்கங்கறீங்களா?"
அதையும் சொல்லல.
"என்னதான் சொல்றீங்க?"
அந்தக் கட்டத்துல அவ்வளவுதான் சார் இடம்.

காரைக்குடி பஸ், ஜன்னலோரம்.
கோட்டையூரை நெருங்குகையில் பக்கத்து சீட்டுக்காரர்
மூக்கை உறிஞ்சினார், எழுந்தார், கத்தினார்:
"வண்டி எரியுது!"
பிரேக். கூடைகள் உருண்டன. எல்லோரும் இறங்கினோம்.
ஓட்டுநர் இஞ்சின் மூடியைத் திறந்து தேட,
நடத்துநர் சக்கரம் சக்கரமாகக் குனிய,
சாலையோரம் நின்ற நான் மெல்ல
என் துப்பட்டாவை முகர்ந்து பார்த்தேன்.

பாவம், அவர் முறையாகத்தான் யோசித்தார்.
புகை வாசம் இருந்தது. நெருப்பும் இருந்தது,
ஐந்தாறு கிலோமீட்டருக்குப் பின்னால்,
நேற்று ராத்திரி.